ஓரகத்தியைப் பார்த்த நகரம்

விற்பனை இலக்கைத் தொட்ட டீலர்களை வீட்டுக்காரியோடு எங்காவது கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வருவது அந்த பெயிண்ட் கம்பெனியின் வழக்கம் என்பதாலும், மலையையும் பனியையும் ஏற்கெனவே காட்டித் தீர்த்துவிட்டதாலும், அந்த வருஷம் எல்லோரையும் சென்னைத் துறைமுகத்தில் ஒரு பெரிய வெள்ளைக் கப்பலில் ஏற்றிக் கடல் தாண்டி ஒரு தீவு நகரத்துக்குக் கொண்டுபோனார்கள்; சாத்தூரில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் ஜெயக்கொடி, பாலகுரு என்கிற அண்ணன் தம்பியும், அவர்களுடைய மனைவிமார் தெய்வானையும் பூங்கோதையும் அந்தக் கப்பலில் இருந்தார்கள்; அந்த நகரத்தின் கட்டடங்கள் எல்லாம் பூங்கோதையைத் திரும்பிப் பார்த்தது இப்படித்தான் ஆரம்பித்தது.

தெய்வானை மூத்த மருமகள். பொங்கல் பானையில் முதல் கை அரிசி அவளுடையது, ஆயுத பூஜைக்குக் கல்லாப்பெட்டியில் முதல் பொட்டு அவளுடையது, கல்யாண வீட்டில் சந்தனக் கிண்ணம் முதலில் அவளிடம்தான் வரவேண்டும், வராவிட்டால் அந்த வீட்டில் அவள் சாப்பிடுகிற சாப்பாட்டில் உப்பு கூடிப்போகும். இளையவள் பூங்கோதைக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அவள் பாட்டுக்கு வருவாள், கடைசி வரிசையில் உட்காருவாள், பக்கத்தில் இருப்பவளிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பாள், கொஞ்ச நேரத்தில் முன்வரிசைக்காரர்கள் எல்லோரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். தெய்வானைக்கு ஓரகத்தியைப் பிடிக்காது என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பதும் தெய்வானைதான். அவளை மற்றவர்களுக்குப் பிடிப்பதுதான் தெய்வானைக்குப் பிடிக்காது.

ஆனாலும் கப்பல் ஏறும்போது தெய்வானை நல்ல மனநிலையில்தான் இருந்தாள். பைபாஸ் ரோட்டில் கட்டிமுடித்திருந்த புதுக் கடைக்குத் தை பிறந்ததும் திறப்பு விழா, அதற்கு அவள் பெயரை வைப்பதாக ஜெயக்கொடி வாக்குக் கொடுத்திருந்தான். ஊர் திரும்பியதும் போர்டு எழுத ஆள் வரச்சொல்லியாயிற்று. சீர் கொண்டுவந்த பாத்திரங்களின் விளிம்பிலும் ரேஷன் கார்டிலும் தவிர வேறெங்கும் எழுதப்படாத அவளுடைய பெயர், லாரிக்காரனும் பஸ்காரனும் போகிற போக்கில் படிக்கிற மாதிரி அரக்குச் சிவப்பில் மஞ்சளாக ஏறப்போகிறது என்பதை அவள் மனதுக்குள் பலமுறை எழுதி எழுதிப் பார்த்து, மஞ்சள் இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கலாமோ என்கிற யோசனையில் இருந்தாள்.

தீவு வந்த காலையில் டீலர்மாரும் மனைவிமாரும் மேல்தளத்தில் கூடிவிட்டார்கள். தெய்வானை எல்லோருக்கும் முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கரையில் கண்ணாடியும் இரும்புமாக வானத்தை மறித்துக்கொண்டு நின்ற கட்டடங்கள் அதனதன் திசையைப் பார்த்தபடி, இவர்கள் வந்ததைக் கண்டுகொள்ளாமல், ஒரு பணக்கார ஊர் எப்படி இருக்குமோ அப்படி இருந்தன. கடைசி ஆளாக, தலைக்குக் குளித்த ஈரத் துண்டோடு, கையில் பாதி கடித்த முறுக்கோடு மேலே ஏறிவந்த பூங்கோதை, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, "இதுதானாக்கா ஊரு?" என்று கேட்டாள்.

ஆட்டுரலை இடம் மாற்றும்போது வருகிற சத்தம் கேட்டது. அந்தக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக, முதலில் கரையோரத்தில் நின்ற வங்கிக் கட்டடம், அப்புறம் அதன் தோளுக்குப் பின்னால் நின்ற ஓட்டல், அப்புறம் குடியிருப்புக் கோபுரங்கள், அப்புறம் தூரத்தில் பனிமூட்டத்தில் நின்ற பெயர் தெரியாதவை எல்லாம், அடித்தளத்தோடு அப்படியே திரும்பி, தங்கள் ஆயிரமாயிரம் ஜன்னல்களோடு பூங்கோதையைப் பார்த்து நின்றன.

கப்பல்தான் திரும்புகிறது என்று பலர் நினைத்தார்கள். கப்பலைக் கட்டிப்போட்டாகிவிட்டது, அது ஒரு இம்மியும் அசையவில்லை என்று கேப்டன் மைக்கில் சொன்னார். அப்படியானால் ஊர்தான் திரும்புகிறது என்று திண்டுக்கல் டீலர் தீர்ப்புச் சொல்லிவிட்டு, காலைச் சாப்பாடு மூடுவதற்குள் போகவேண்டுமே என்று இட்லி வரிசைக்குப் போய்விட்டார். பூங்கோதை கூச்சப்பட்டு இடதுபக்கம் நகர்ந்தாள், கட்டடங்களும் நகர்ந்தன. வலதுபக்கம் வந்தாள், அவையும் வந்தன. ஒளிந்துகொள்ள இடமில்லாமல் அவள் தெய்வானையின் முதுகுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டபோது, அத்தனை கட்டடங்களும் கொஞ்சம் எட்டி, தெய்வானையின் தலைக்கு மேலாக, பின்னால் இருப்பவளைப் பார்த்தன. தெய்வானைக்கு அந்த இடத்திலேயே வயிற்றில் ஒரு தீக்குச்சி உரசியது.

அவர்களுக்கு ஊர் சுற்றிக்காட்ட வந்த சவரிமுத்து மூன்று தலைமுறையாக அந்தத் தீவிலேயே இருக்கிற தமிழர். அவருக்கும் இதில் பெரிய வியப்பு ஒன்றும் இல்லை. அவருடைய அப்பா காலத்தில் ஒரு வலைக்காரருக்கு இந்த ஊர் இப்படித் திரும்பியதாம், அப்போது கட்டடங்கள் குட்டையானவை என்பதால் சாயங்காலத்துக்குள் அலுத்துப்போய்ப் பழையபடி திரும்பிக்கொண்டனவாம். இப்போது உயரம் கூடிவிட்டது, எத்தனை நாள் ஆகும் என்று சொல்லமுடியாது, வாங்க பஸ்ஸில் ஏறுங்க என்றார்.

பஸ் போன வழியெல்லாம் கட்டடங்கள் திரும்பிக்கொண்டே வந்தன. பெயிண்ட் வியாபாரிகள் பார்க்கவேண்டியதைப் பார்த்தார்கள்: திரும்பிய கட்டடங்களின் முதுகுப்பக்கம் பல இடங்களில் ஒரு பூச்சுக்கு மேல் அடிக்காமல் விட்டிருந்தது, மழைநீர் ஒழுகிய கறை இருந்தது, ஏசி பெட்டிகளுக்குக் கீழே பாசி பிடித்திருந்தது, இவ்வளவு பெரிய ஊரும் நம்மைப்போல முன்பக்கத்துக்குத்தான் நல்ல பெயிண்ட் அடிக்கிறது என்று தெரிந்ததில் அவர்களுக்கு ஒரு ஆறுதல், எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கணக்குப் போடுவதில் ஒரு சந்தோஷம். ஊர்க்காரர்களும் சீக்கிரமே பழகிவிட்டார்கள். மாடியில் துணி காயப்போட்டிருந்த ஒரு சீனத்து அம்மா கீழே இறங்கிவந்து, தன் பால்கனிக்கு வெயில் போய்விட்டதென்றும், போர்வை காய்கிறவரைக்கும் எதிர்ச்சாரியில் நிற்கமுடியுமா என்றும் சவரிமுத்து மூலமாகப் பூங்கோதையிடம் தணிவாகக் கேட்டாள். பூங்கோதை நின்றாள், நின்ற நேரத்தில் அவளோடு பேச்சுக் கொடுத்து, பாஷை தெரியாமலே இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். ஆபீஸ் வேலைக்காரர்கள் மத்தியானத்தில் கம்ப்யூட்டர் மேல் வெயில் அடிக்காதபடி அவள் கிழக்கே இருந்தால் நல்லது என்று சொல்லி அனுப்பினார்கள். நகராட்சியிலிருந்து ஒரு அதிகாரி ஒரு குடையும் மடக்கு நாற்காலியும் கொண்டுவந்து கொடுத்து, அம்மா எங்கே உட்கார விருப்பப்படுகிறார்களோ அங்கே உட்காரட்டும், கொஞ்சம் முன்னதாகச் சொன்னால் ரயில் பாதையைச் சரிபண்ணிக்கொள்வோம் என்று வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

டீலர் மனைவிமார் முதலில் அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அடுத்து, தங்கள் கைப்பையை ஒருமுறை தொட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். மத்தியானத்துக்குள் அவள் கைராசிக்காரி என்பது முடிவாகி, கரூர்க்காரர் தன் புது குடோனுக்கு அவள்தான் விளக்கேற்றவேண்டும் என்றும், திண்டுக்கல்காரர் தன் மகள் கல்யாணத்துக்கு அவள் கையால் முகூர்த்தப் புடவை எடுக்கவேண்டும் என்றும் தேதி கேட்டார்கள். கம்பெனி மேனேஜர் அடுத்த வருஷக் காலண்டரில் அவளைப் போடப்போவதாகச் சொன்னார். தெய்வானையிடமும் எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். கொஞ்சம் தள்ளி நின்றீகன்னா கட்டடம் முழுசா விழும் என்று சொல்லி, படம் எடுக்கும்போது அவளைத் தள்ளி நிற்கவைத்தார்கள்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில்தான் ஜெயக்கொடி அதைச் சொன்னான். தம்பியும் மற்ற டீலர்களும் சுற்றி உட்கார்ந்திருக்க, ஐஸ்கிரீமை வழித்துக்கொண்டே, ஏதோ பருப்பு விலையைச் சொல்வதைப்போலச் சொன்னான்.

"கோவிச்சுக்காத தெய்வானை. போர்டுக்கு பூங்கோதை பேரையே வச்சிருவோம். ஒரு ஊரே அவ மூஞ்சியத் திரும்பிப் பாக்குது, அந்தப் பேர வச்சா சாத்தூர் திரும்பிப் பாக்காதா?"

மேசையில் எல்லோரும் தலையாட்டினார்கள். பூங்கோதை மட்டும் பதறிப்போய், அதெல்லாம் வேண்டாம், அக்கா பேர்தான் வைக்கணும், நான் கடைப்பக்கமே வர்றதில்ல என்று சொன்னாள். அவள் சொன்ன விதம் எல்லோருக்கும் மிகவும் பிடித்துப்போனது. இவ்வளவு அடக்கமான பிள்ளை பெயரை வைக்காமல் வேறு யார் பெயரை வைப்பது என்று கரூர்க்காரர் கேட்டார். தெய்வானை தன் பங்கு ஐஸ்கிரீமை உருகவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்வதற்குக்கூட ஒரு அதிர்ஷ்டம் வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் விடிந்ததும் தெய்வானை எழுந்து குளித்து, திறப்பு விழாவுக்கென்று எடுத்து, யாரிடமும் காட்டாமல் பெட்டியின் அடியில் வைத்துக் கொண்டுவந்திருந்த அரக்குப் பட்டைக் கட்டி, காசுமாலையைப் போட்டு, மல்லிகைக்கு வழியில்லாததால் கப்பல் மேசையிலிருந்து எடுத்த ஒரு ரோஜாவைச் செருகிக்கொண்டு தனியாக மேல்தளத்துக்குப் போனாள். தளத்தைக் கழுவிக்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் நேற்று பூங்கோதை நின்ற அதே இடத்தில் நின்றாள். கையை நெற்றியில் வைத்தாள். கொஞ்சம் யோசித்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, "இதுதானா ஊரு?" என்று சன்னமாகக் கேட்கவும் செய்தாள்.

கட்டடங்கள் எல்லாம் குனிந்த வாக்கில் கப்பலின் கீழ்த்தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. அங்கே ஒரு வட்ட ஜன்னலுக்குப் பின்னால் பூங்கோதை இன்னும் எழுந்திருக்கவில்லை. தெய்வானை செருமினாள். கையை ஆட்டினாள். பட்டின் முந்தானையைக் காற்றில் விரித்துப் பிடித்தாள். ஒரு ஜன்னல், ஒரே ஒரு குளியலறை ஜன்னல்கூட அவள் பக்கம் திரும்பவில்லை. தூங்குகிறவளைப் பார்க்க ஒரு நகரம் தவம் கிடக்கிறது, பட்டுக் கட்டி நிற்கிறவளைப் பார்க்க ஒரு நாதி இல்லை. அப்போது அவள் அந்தக் கட்டடங்களைப் பார்த்தாள். வாய் ஒன்றும் சொல்லவில்லை, கை ஒன்றும் செய்யவில்லை, வெறுமனே பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து திருப்பிப் போட்ட நாற்காலிகளின் முதுகைப் பார்த்தே பழகிய கண்ணால், வயிறு நிறையப் பார்த்தாள்.

முதலில் வங்கிக் கட்டடத்தின் உச்சி தொங்கியது. சந்தையில் விற்காமல் கிடந்த கீரைக்கட்டு உச்சிவெயிலில் துவள்கிற மாதிரி, அதன் மேல்மாடிகள் மெல்லச் சாய்ந்து, கீழ்மாடிகளின் தோளில் தலைவைத்துக்கொண்டன. அடுத்து ஓட்டல். அடுத்து குடியிருப்புகள். தெய்வானை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அறைக்கு ஓடிவந்து பட்டை அவிழ்த்துப் போட்டாள், ஆனால் அதற்குள் துறைமுகத்திலிருந்து மலையடிவாரம்வரைக்கும் ஊர் துவண்டுவிட்டது. லிஃப்டுகள் பாதியில் வளைந்து நின்றன. மேல்மாடிக்காரர்கள் சாய்ந்த அறைகளில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, சாமான் உருளாதபடி முட்டுக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல ஆபீசுக்கு லீவு சொல்லிக்கொண்டிருப்பதாகச் சவரிமுத்து வந்து சொன்னார். கீழே பூங்கோதை கண் விழிக்கும்போதே உடம்பு நெருப்பாய்ச் சுட்டது. ஊர் எந்தப் பக்கம் சாய்ந்ததோ அந்தப் பக்கமாக அவள் தலையும் சாய்ந்தது. கப்பல் டாக்டர் கொடுத்த மாத்திரை நெஞ்சோடு நின்றது.

இதற்கு டாக்டர் எதற்கு என்று டீலர் மனைவிமார் கேட்டார்கள். பச்சைப் பிள்ளையில் ஆரம்பித்துப் புது மோட்டார் சைக்கிள்வரைக்கும் திருஷ்டி கழித்துப்போட்ட கைகள் அவை. கண் பட்டிருக்கிறது, அவளுக்கும் பட்டிருக்கிறது ஊருக்கும் பட்டிருக்கிறது, சுற்றிப்போட்டால் சரியாகிவிடும் என்று முடிவுசெய்தார்கள். வற்றல் மிளகாய்க்கும் கல் உப்புக்கும் பஞ்சமில்லை, கப்பல் சாப்பாட்டை நம்பாமல் ஆளுக்கொரு டப்பா கொண்டுவந்திருந்தார்கள். யார் சுற்றுவது என்பதிலும் பேச்சில்லை. அந்த வீட்டு மூத்த சுமங்கலி சுற்றினால்தான் கேட்கும். திண்டுக்கல் டீலரின் மனைவி சௌந்திரவல்லி முன்னால் நின்று ஏற்பாடுகளைச் செய்தாள், தெய்வானையின் கையைப் பிடித்து, நீங்கதான் மதினி அவளுக்குத் தாய் ஸ்தானம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தெய்வானையால் மாட்டேன் என்று சொல்லமுடியவில்லை.

மண் மட்டும் கிடைக்கவில்லை. கண் வைத்தது யார் என்று தெரிந்தால் அவர்களுடைய காலடி மண்ணை எடுக்கவேண்டும், தெரியாவிட்டால் மூன்று தெரு கூடுகிற இடத்து மண்ணை எடுக்கவேண்டும். யார் என்று தெரியாததால் சவரிமுத்துவைக் கூட்டிக்கொண்டு முச்சந்தி முச்சந்தியாக அலைந்தார்கள், எல்லா முச்சந்தியும் துடைத்துவிட்ட பாத்திரம்போல இருந்தது. புல்லுக்குக் கீழே பிளாஸ்டிக் வலை இருந்தது. பூந்தொட்டியில் மண்ணுக்குப் பதில் களிமண் உருண்டைகள் இருந்தன. ஒரு பிடி மண்ணுக்கு வக்கில்லாத ஊர் என்னத்துக்கு இவ்வளவு உயரம் வளர்ந்தது என்று ஏசிக்கொண்டே கப்பலுக்குத் திரும்பிவந்த சௌந்திரவல்லி, அறை வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளைப் பார்த்தாள். நம்ம ஊர் மண் ஆகாதா என்ன என்று ஒன்றொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். எல்லாம் புதுச் செருப்பு, கப்பலுக்கென்று வாங்கியவை. ஒரே ஒரு ஜோடி மட்டும் பழையது. கிளம்புகிற அன்று தூறலில், பைபாஸ் ரோட்டுப் புதுக் கடையை இன்னொருமுறை பார்த்துவிட்டு வருவதற்காக மிதித்த கரிசல் மண், அதன் அடிவரிகளில் அப்பிக் காய்ந்துபோயிருந்தது. அவள் ஒரு ஸ்பூனால் அதைச் சுரண்டி இலையில் வைத்தாள். அது தன் செருப்பு என்பதைத் தெய்வானை பார்த்தாள். வாயைத் திறந்தால் ஏன் வேண்டாம் என்று கேட்பார்கள். அவள் திறக்கவில்லை.

ஊரை எப்படிச் சுற்றுவது என்றால், கப்பல் எதற்கு இருக்கிறது. துறைமுகத்து அதிகாரிகள் தங்கள் சாய்ந்த கோபுரத்தின் படிகளைப் பிடித்துப் பிடித்து இறங்கிவந்து அனுமதி கொடுத்தார்கள். தீவு சின்னது. கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, வெயில் தாழ்ந்த நேரத்தில் கப்பல் புறப்பட்டது. முன்முனையில் தெய்வானை நின்றாள். வலது கைப்பிடிக்குள் உப்பும் மிளகாயும் மண்ணும் இருந்தன. அவளுக்குப் பின்னால் ஒரு சாய்வு நாற்காலியில் பூங்கோதையைப் போர்வையோடு படுக்கவைத்திருந்தார்கள், அவளையும் ஊரையும் சேர்த்து மூன்று சுற்று. கப்பல் மெதுவாக, சாய்ந்து கிடந்த கட்டடங்களின் முகத்தையும் முதுகையும் மாறிமாறிக் காட்டிக்கொண்டு போயிற்று. கரையில் சனங்கள் கூடிநின்று, என்ன ஏது என்று கேட்காமல், தலையைக் குனிந்து காட்டினார்கள்.

தெய்வானை கையை வீசிச் சொல்லிக்கொண்டே வந்தாள். கரையில நின்ன கண்ணு, கடலுக்குள்ள இருந்த கண்ணு, கப்பல் ஏறி வந்த கண்ணு, கரூர்க் கண்ணு, திண்டுக்கல் கண்ணு, படம் பிடிச்ச கண்ணு, பஸ்ஸுல எட்டிப்பாத்த கண்ணு, பெத்தவ கண்ணு, கட்டுனவன் கண்ணு, பேர் தெரிஞ்ச கண்ணு, பேர் தெரியாத கண்ணு, எல்லாக் கண்ணும் தூரப் போ. கழிக்கிறவள் கடைசியில் தன் கண்ணையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் முடிக்கவேண்டும், அதுதான் முறை, சாத்தூரில் யார் வீட்டுக் குழந்தைக்குச் சுற்றினாலும் அவள் சொல்லாமல் விட்டதில்லை. முதல் சுற்றில் அந்த இடம் வந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. இரண்டாம் சுற்றிலும் ஒட்டிக்கொண்டது. அடுத்த சுற்றில் நாக்கு ஒட்டவில்லை. கரையில் சாய்ந்து கிடந்த கட்டடங்களைப் பார்த்துக்கொண்டே, அவை இந்த நிலையிலும் நாற்காலியில் கிடப்பவளை நோக்கியே சாய்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே, சொல்லமாட்டேன் என்று தெய்வானை தெரிந்தே விட்டாள்.

கப்பலில் நெருப்பு மூட்டக்கூடாது என்பதால், சமையல்காரர் ஒரு இரும்புச் சட்டியைக் காய்ச்சிக் கொண்டுவந்தார், அவர் பக்கத்தில் ஒருவன் தீயணைக்கிற சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றான். தெய்வானை கைப்பிடியைச் சட்டியில் கொட்டினாள். உப்பு வெடித்தது. மிளகாய் கருகிப் புகைந்தது. ஒருவருக்கும் கமறவில்லை, ஒருவர் கண்ணிலும் நீர் வரவில்லை, வெந்நீர் ஆவியைப்போல வாசமில்லாமல் புகை போயிற்று. நெடி அடிக்காவிட்டால் கண் பட்டது நிச்சயம் என்று எல்லோருக்கும் தெரியும். அடேயப்பா, எப்பேர்ப்பட்ட கண்ணு என்று பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்த்த பார்வைகள் எல்லாம் கடைசியில் சௌந்திரவல்லியிடம் போய் நின்றன, முந்தாநாளே பூங்கோதையின் கூந்தலைப் பிடித்துப் பார்த்து நீளத்தை வியந்தவள் அவள்தான் என்று யாருக்கோ நினைவு வந்துவிட்டது. மண் தேடி அலைந்து கால் வீங்கியிருந்த சௌந்திரவல்லி, எல்லோரும் கொஞ்சம் தள்ளி நிற்பதைக் கண்டு, காரணம் புரியாமல் சிரித்தாள். தெய்வானை சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

புகை கரைக்குப் போய்ச் சேர்ந்தது. கட்டடங்கள் நெட்டி முறிப்பதுபோல ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. கரையில் கைதட்டல் கேட்டது. நிமிர்ந்த கட்டடங்கள் ஆட்டுரல் சத்தத்தோடு திரும்பின. தங்கள் பழைய திசைகளுக்குத் திரும்பவில்லை, நாற்காலியில் கிடந்த பூங்கோதையின் பக்கமும் திரும்பவில்லை. முன்முனையில் மிளகாய் ஒட்டிய கையோடு நின்ற தெய்வானையைப் பார்த்துத் திரும்பின. வங்கி, ஓட்டல், குடியிருப்புகள், தூரத்துப் பனிமூட்டத்தில் நின்றவை, அத்தனையும். விளக்கு வைக்கிற நேரம் என்பதால் ஜன்னல்களில் வெளிச்சம் ஏற ஏற, அந்த வெளிச்சம் முழுவதும் அவள் முகத்தில் விழுந்தது. அவள் ஓர் அடி இடதுபக்கம் நகர்ந்தாள், அவையும் நகர்ந்தன. புடவைத் தலைப்பை இழுத்து முகத்தை மறைத்தாள், அவை இன்னும் கிட்ட வந்து எட்டிப் பார்த்தன.

அப்பனே முருகா, கைராசி இளையவளுக்கு இல்லை, மூத்தவளுக்குத்தான் என்று கரூர்க்காரர் உரக்கச் சொன்னார். டீலர்கள் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். மேனேஜர் காலண்டரை மாற்றிவிடலாம் என்றார். குடோன் விளக்கும் முகூர்த்தப் புடவையும் அந்தக் கணமே கை மாறின. ஜெயக்கொடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவள் முகத்தில் விழுந்த வெளிச்சத்தில் தானும் கொஞ்சம் நின்றுகொண்டு, சந்தோஷத்தில் குரல் தழுதழுக்கச் சொன்னான்.

"ஓம் பேரேதான். பைபாஸ்ல முப்பதடிக்கு எழுதிருவோம், போதுமா?"

போதும் என்று தெய்வானை தலையாட்டினாள். அவள் கேட்டது எல்லாம் வந்துவிட்டது. ஆனால் அந்த ஜன்னல்கள் நேற்று பூங்கோதையைப் பார்த்த மாதிரி அவளைப் பார்க்கவில்லை. சந்தையில் எடையில் ஏமாற்றத் தராசைத் தட்டிவிட்ட கடைக்காரனைச் சுற்றி நிற்கிறவர்கள் எப்படிப் பார்ப்பார்களோ அப்படிப் பார்த்தன. அது அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது. அவள் படம் எடுப்பவர்களை விலக்கிக்கொண்டு பூங்கோதையின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பூங்கோதைக்கு வேர்த்து, காய்ச்சல் இறங்கியிருந்தது. அவள் அக்காவின் கையைப் பிடித்து, தன்னை இழுத்து உட்காரவைக்கச் சொன்னாள், உட்கார்ந்து, அக்காவுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினாள்.

"சுத்தும்போது ஒண்ண விட்டுட்டீகக்கா."

 தெய்வானை போர்வையின் ஓரத்தை இழுத்து அவள் காலடியில் செருகினாள்.

"பரவாயில்ல, மூணு சுத்துலயும் உங்க கண்ணையும் சேத்து நான் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். தப்பா எடுத்துக்கிறாதீக. ரெண்டு நாளா எல்லாம் என்னையே பாத்துக்கிட்டு இருந்ததுல எனக்கு ஒரு பொட்டு நல்ல தூக்கம் இல்லக்கா. இப்பத்தான் நிம்மதியா இருக்கு."

சொல்லிவிட்டு அவள் கொட்டாவி விட்டாள். கோபம் இருக்கிறதா, மன்னித்துவிட்டாளா, சொல்லிக்காட்டுகிறாளா என்று தெய்வானை அவள் முகத்தைத் துருவித் துருவிப் பார்த்தாள். அதில் தூக்கத்தைத் தவிர ஒன்றுமே இல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் படுக்கக்கூடாது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பூங்கோதை போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒருக்களித்துத் தூங்கிப்போனாள். நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவளைப் பார்க்க இப்போது யாரும் இல்லை, அது அவளுக்குத் தெரியவும் இல்லை, தெரிந்தால் கவலைப்பட்டிருக்கவும் மாட்டாள். கப்பல் கரையை விட்டு விலகிக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் ஒரு நகரமே விளக்கேற்றிவைத்துத் தன்னைப் பார்த்துக்கொண்டு நிற்க, தெய்வானை அந்தப் பக்கம் திரும்பாமல், வாயைத் திறந்தபடி தூங்குகிறவளின் மூச்சு ஏறி இறங்குவதையே, வயிறு எரிய எரியப் பார்த்துக்கொண்டிருந்தாள்.